எந்தப் படியில் நின்றது?

நம் இல்லங்களில் நாள்தோறும் புழங்கும் சொற்களுள் "போய்விட்டது" என்பது ஒன்று. மின்விசிறி சுழலாவிடினும் போய்விட்டது. கடிகாரம் நின்றாலும் போய்விட்டது. மடிக்கணினி விழித்தெழ மறுத்தாலும் போய்விட்டது. முதலிரண்டிலும் இச்சொல்லால் பெருங்கேடு இல்லை. விசிறிக்குள் நாம் எதையும் சேமித்து வைப்பதில்லை. மடிக்கணினியின் காரியமோ அவ்வாறன்று. ஒரு குடும்பத்தின் பத்தாண்டுப் புகைப்படங்களும், கணக்குகளும், கடிதங்களும், மறைந்தவர்களின் குரலும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன. அதனைப் "போய்விட்டது" என்று தீர்ப்பிட்டுப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டால் அவையனைத்தும் உடன் போய்விடும்.

மருத்துவரிடம் சென்று "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தால் அவர் மருந்து எழுதுவாரா? எங்கே வலி, என்றிலிருந்து வலி, வலிக்குமுன் என்ன உண்டீர் என்று வினவுவாரன்றோ? அவ்வினாக்களை நாம் மடிக்கணினியிடமும் கேட்கலாம். கணினிப் பொறியியல் படித்திருக்கவேண்டுவதில்லை. முப்பதாண்டுக் காலம் ஓர் உயர்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பழுதான மின்மானிகளோடு வாழ்ந்தவன் நான். கருவி எதுவாயினும் முதற்கேள்வி ஒன்றே: எதுவரை சரியாக வந்தது, எங்கே நின்றது?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டதிலிருந்து, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் நம் பள்ளிகளிலும் பயின்ற மாணவ மாணவியர் இலட்சக்கணக்கில் அக்கருவியைப் பெற்றனர். அவற்றுள் பல இன்னும் பீரோவுக்குமேல் துணி சுற்றிக் கிடப்பதை நம் பங்குகளில் எந்த வீட்டிலும் காணலாம். "வேலை செய்யவில்லை" என்பார்கள். என்ன செய்யவில்லை என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் நம் படங்கள் தோன்றுவதற்கும் இடையே நிகழ்வது என்ன? ஒரு பள்ளிக்கூடம் காலையில் திறக்கப்படுவதை நினைத்துப் பாருங்கள். முதலில் காவலர் வாயிற்கதவைத் திறக்கவேண்டும். கணினிக்கு அது மின்சாரம். பிறகு அவர் தாமே ஒருமுறை சுற்றிவந்து, வகுப்பறைகள் உள்ளனவா, கரும்பலகை இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார். கணினியிலும் அவ்வண்ணமே, பயாஸ் எனப்படும் ஒரு சிறு நிரல் தாய்ப்பலகையிலுள்ள சில்லு ஒன்றில் நிலையாகப் பதிந்திருக்கிறது. அது எழுந்து, நினைவகம் உண்டா, திரை உண்டா, விசைப்பலகை உண்டா என்று சோதிக்கிறது. 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் பெர்சனல் கம்ப்யூட்டர் இச்சோதனையில் தேறினால் ஒரு சிறு "பீப்" ஒலி எழுப்பித் தன் நலத்தை அறிவிக்கும். இன்றைய கருவிகளில் இப்பணியைச் செய்வது யுஇஎஃப்ஐ என்னும் அதன் வாரிசு. பெயர் மாறினும் ஊழியம் ஒன்றே. சோதனை முடியும் தறுவாயில் நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றும்.

அடுத்து, காவலர் சாவிக்கொத்தைத் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைக்கிறார். அதாவது, பயாஸ் ஹார்டு டிஸ்கைத் தேடிச் சென்று, அங்கிருக்கும் விண்டோஸின் தொடக்க நிரலை அழைத்து, "இனி உம் பொறுப்பு" என்று விலகிக்கொள்கிறது. அதன்பின் விண்டோஸ் தன் பரிவாரங்களை ஒவ்வொன்றாக எழுப்பி, கடைசியில் கடவுச்சொல்லைக் கேட்கிறது. மின்சாரம், சோதனை, ஒப்படைப்பு, விண்டோஸ் எழுதல்: இவையே படிகள். மடிக்கணினி எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால், அதற்குக் கீழுள்ள படிகளெல்லாம் பெரும்பாலும் நலமாயுள்ளன என்பதும் தெரிந்துவிடுகிறது. பாதி ஐயங்கள் ஒரு திருகாணியையும் தொடாமலே தீர்கின்றன.

இதனை எழுத நேர்ந்த காரணத்தையும் கூறிவிடுகிறேன். என் தங்கை தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் வாழ்கிறாள். அவள் கணவர், என் மைத்துனர், 2021ஆம் ஆண்டு காலமானார். ஆசிரியராயிருந்த அவர் எதையும் ஒழுங்காக எழுதிவைப்பவர். 2013ஆம் ஆண்டு அவர் வாங்கிய மடிக்கணினியில் குடும்பத்தின் வரவுசெலவு முழுவதும் இருந்தது. அதைவிட அரிய ஒன்றும் இருந்தது. அவருடைய தாயார் தாலாட்டுப் பாடுவதில் அவ்வூரிலேயே பெயர்பெற்றவர். மகன் அவரைத் திண்ணையில் அமர்த்தி, மடிக்கணினியை எதிரே வைத்து, ஆறு பாடல்களைப் பதிவு செய்திருந்தார். அந்த அம்மையார் 2015இல் மறைந்தார். பதிவுகளுக்கு வேறு நகல் எங்கும் இல்லை.

இப்போது பெங்களூரில் இருக்கும் என் மருமகள், தங்கையின் ஒரே மகள், தலைப்பிள்ளையை எதிர்பார்த்திருக்கிறாள். அவள் தொலைபேசியில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மாமா, கம்ப்யூட்டர் எப்படியும் போகட்டும். ஆச்சி பாட்டு மட்டும் கிடைக்குமா?"

தங்கை அதற்குமுன்பே கருவியை அருகிலுள்ள நகரத்தில் ஒரு கடைக்கு எடுத்துச் சென்றிருந்தாள். அங்கிருந்தவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போய்விட்டது, ஏழாயிரம் ஆகும், அதற்குமுன் வேண்டுமானால் ஃபார்மட் போட்டுப் பார்க்கலாம்" என்றாராம். பழுதுபார்க்கும் தொழிலைப் பழிப்பது என் நோக்கமன்று. கைராசியும் நேர்மையும் உள்ள எத்தனையோ இளைஞர்கள் அத்தொழிலில் இருக்கிறார்கள். ஆயினும் இத்தீர்ப்பு தன்னைத்தானே மறுப்பது. தாய்ப்பலகை பழுது என்றால் ஃபார்மட் எதற்கு? ஃபார்மட்டினால் தீரும் என்றால் தாய்ப்பலகை எதற்கு? நல்லவேளையாகத் தங்கை, "அண்ணனைக் கேட்டுச் சொல்லுகிறேன்" என்று கருவியைத் திரும்ப வாங்கிவந்துவிட்டாள்.

நான் அவளிடம் கேட்டது மருத்துவர் கேட்பதைத்தான்.

"விளக்கு எரிகிறதா தங்கச்சி?"

"எரியுது அண்ணே. கம்பெனிப் பேரும் வருது. அப்புறம் கீழே புள்ளி புள்ளியாய் வட்டம் சுத்துது. சுத்திச் சுத்தி, தானா அணைஞ்சு, மறுபடியும் முதல்லேருந்து."

"ஏதாவது எழுத்து வருகிறதா?"

"ரிப்பேர் தயாராகுதுன்னு இங்கிலீஷ்ல வருது. ராத்திரி முழுக்க அப்படியே விட்டிருந்தேன். விடியுற வரைக்கும் சுத்திச்சு."

"இது திடீரென்று வந்ததா?"

சற்று யோசித்து, மூன்று நான்கு மாதமாகவே கருவி மிக மந்தமாக இருந்தது என்றும், ஒரு படத்தைத் திறந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கும் என்றும் கூறினாள். அந்த ஒரு செய்தி எனக்குப் பாதி விடையாயிற்று. கருவியை உடனே அணைத்து வைக்கும்படியும், நான் வரும்வரை பொத்தானைத் தொடவேண்டாம் என்றும் சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு. பின்னர் கூறுகிறேன்.

சின்னம் தோன்றுகிறதென்றால் என்ன பொருள்? மின்சாரம் வருகிறது. பயாஸ் விழித்துவிட்டது. நினைவகம் சோதனையில் தேறிவிட்டது. திரையும் அதன் பின்னொளியும் நலம். ஆகவே தாய்ப்பலகை அடியோடு "போய்விட்டது" என்பது பொருந்தாது. நின்றது மேற்படிகளில்: ஒன்று, ஹார்டு டிஸ்க், அல்லது, அதிலுள்ள விண்டோஸ்.

கீழ்ப்படியிலேயே நின்றுபோகும் கருவிகளைப் பற்றியும் இங்கே சொல்லியாகவேண்டும். வாசகர் வீட்டுக் கருவி என் தங்கையினுடையதைப் போன்றதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லையே.

பொத்தானை அழுத்தியும் ஒளியோ ஒலியோ எழவில்லையெனில், முதலில் ஐயுறவேண்டியது சார்ஜரை. அதனையும் ஐயுறுமுன் சுவரிலுள்ள பிளக்கை. சிரிக்கவேண்டாம், அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கைச் சொருகிப் பார்ப்பது அரை நிமிடக் காரியம். அதன்பின், சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியதாயின் அதனையும் கழற்றிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். உள்ளே தேங்கி நிற்கும் மின்னூட்டம் வடிந்துவிடும். பிறகு பேட்டரி இல்லாமலே சார்ஜரை மட்டும் இணைத்து அழுத்திப் பார்த்தால், செத்ததென்று விடப்பட்ட கருவி எழுந்து நிற்பதுண்டு. மந்திரம் ஒன்றுமில்லை. மின்வழங்கலைக் கண்காணிக்கும் சிறு சுற்று குழம்பி நின்றிருந்தது, மின்னூட்டம் முற்றும் வடிந்ததும் முதலிலிருந்து தொடங்குகிறது, அவ்வளவே. ஆனால் பேட்டரி உப்பியிருந்தால், அடிப்பலகை பிதுங்கியோ தொடுபலகை மேலெழும்பியோ நின்றால், எந்தச் சோதனையும் வேண்டாம். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடியது. சார்ஜரை உடனே கழற்றி, கருவியைக் குழந்தைகள் புழங்காத இடத்தில் வைத்துத் தெரிந்தவரை அழைக்கவேண்டும்.

விளக்கு எரிகிறது, உள்விசிறி சுழல்கிறது, திரை மட்டும் கருமை என்றால் அது வேறு கதை. கருவி விழித்திருக்கிறதா என்றறிய எளிய வழி, விசைப்பலகையிலுள்ள கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்துவது. அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, பழுது திரையில். இருண்ட அறையில் டார்ச்சு விளக்கைச் சாய்வாகத் திரைமீது காட்டுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளி ஒன்றே கெட்டிருக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சியோடு எச்டிஎம்ஐ கம்பியால் இணைத்தாலும் உண்மை வெளிப்படும். கருவி "பீப், பீப்" என்று ஒலித்தாலோ, விளக்கு எண்ணிக்கையாகக் கண்சிமிட்டினாலோ, அது பயாஸ் நம்மோடு பேசும் மொழி. திரையைக் காட்ட இயலாத நிலையில் எண்ணிக்கையால் குறிப்புணர்த்துகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் இம்மொழி வேறுபடுவதால், எத்தனை முறை என்று எண்ணி ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அந்நிறுவனத்தின் கையேட்டைப் பார்ப்பதே முறை.

இத்தகைய ஒலிகளுக்குக் காரணம் பெரும்பாலும் ரேம் என்னும் நினைவகப் பட்டை. நம் கடற்கரை ஊர்களில் இதற்குத் தனியொரு காரணமும் உண்டு. உப்புக்காற்று. சன்னல் கம்பியைத் தின்பது கணினியின் உள்ளிணைப்புகளை மட்டும் விட்டுவைக்குமா? பேட்டரியைக் கழற்றி, கையால் ஏதேனும் ஓர் இரும்புப் பொருளைத் தொட்டு உடலின் மின்னேற்றத்தைப் போக்கிக்கொண்டு, பட்டையை மெல்ல எடுத்து, அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் அழிப்பானால் இலேசாகத் துடைத்து மீண்டும் பொருத்தினால், எத்தனையோ கருவிகள் பிழைத்துக்கொள்கின்றன. இரண்டு பட்டைகள் இருப்பின் ஒன்றை மட்டும் வைத்துப் பார்க்கவேண்டும். பிறகு மற்றதை மட்டும். கெட்டது எதுவென்று தானே தெரியும். பள்ளியில் நாங்கள் தொடர் இணைப்பில் பழுதான விளக்கைக் கண்டுபிடித்த முறையும் இதுவே.

இனித் தங்கையின் கருவிக்கு வருவோம். டிஸ்கா, விண்டோஸா என்பதே அங்கு வினா. விண்டோஸ் மட்டும் குற்றவாளியாக இருக்கக்கூடுமா? கூடும். அதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றால், மைக்ரோசாஃப்டின் கணக்கீட்டின்படி சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டு கொடுத்ததைச் செய்தித்தாள்களில் கண்டோம். அந்த 85 இலட்சத்தில் எதனுடைய தாய்ப்பலகையும் அக்கோப்பினால் கெடவில்லை. ஹார்டு டிஸ்கும் கெடவில்லை. பல இடங்களில் பணியாளர் நேரில் சென்று, சேஃப் மோடு என்னும் எளிய முறையில் கணினியை எழுப்பி, அந்த ஒரு கோப்பை நீக்கிய மாத்திரத்தில் கருவி பழையபடி நடந்தது.

சேஃப் மோடு என்பது விண்டோஸ் தன் பரிவாரங்களையெல்லாம் விட்டுவிட்டு இன்றியமையாத சிலரோடு மட்டும் எழும் முறை. விண்டோஸ் அடுத்தடுத்துத் தொடங்க முடியாமற்போனால் மீட்புத் திரை ஒன்று தானே தோன்றும். அதன்வழி சேஃப் மோடுக்குச் செல்லலாம். அங்கே கருவி ஒழுங்காக நடந்தால், உடல் நலம், பின்னால் வந்து சேர்ந்த ஏதோ ஒரு நிரலே குற்றவாளி என்று கொள்ளலாம். அண்மையில் வந்த அப்டேட்டை நீக்குவதற்கும், முந்தைய நாளின் நிலைக்குத் திரும்புவதற்கும் அதே திரையில் வழியுண்டு.

ஆனால் தங்கையின் கருவியில் நான் இவற்றுள் எதையும் முதலில் செய்யவில்லை. மூன்று நான்கு மாத மந்தம் என்ற செய்தி, நோய் திடீரென்று வந்ததன்று, டிஸ்க் சிறிது சிறிதாகத் தளர்ந்தது என்றே காட்டியது. தளர்ந்த டிஸ்கைக் கொண்டு "ரிப்பேர்" செய்யச் சொல்வது, இளைத்த மாட்டை மேலும் ஏரில் பூட்டுவது போலாகும். விண்டோஸின் பழுதுநீக்கும் நிரலுக்குத் தாலாட்டு இன்னதென்று தெரியாது. அதற்கு வேண்டியது ஒழுங்கு. ஒழுங்குக்காக எதையும் திருத்தும், சிதைந்த கோப்புகளை வெட்டி ஒதுக்கவும் செய்யும். இரவு முழுதும் சுழன்ற கருவியை அணைக்கச் சொன்னதன் காரணம் இதுவே. முதலில் நகல், பிறகு பழுது. இந்த வரிசையை மாற்றக்கூடாது.

மறுநாள் நான் அவ்வூர் சென்று, அமைதியான அறையில் கருவியை இயக்கி, அதன்மேல் காது வைத்துக் கேட்டேன். ஹார்டு டிஸ்க் என்பது உள்ளே நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும் தட்டு. மடிக்கணினிகளில் பெரும்பாலும் 5400 சுற்று. நலமான தட்டு மெல்லிய இரைச்சலோடு சுற்றும். இதுவோ இடையிடையே "டக்... டக்..." என்றது. படிக்கும் முனை, தான் தேடிய இடத்தைக் காணாது திரும்பி வந்து மீண்டும் முயலும் ஒலி அது. பயாஸுக்குள் சென்று பார்த்தபோது, டிஸ்கின் பெயர் ஒருமுறை தெரிந்தது. அணைத்து இயக்கியபோது மறைந்தது. மூன்றாம் முறை மீண்டும் தெரிந்தது. ஐயம் நீங்கிற்று. இன்றைய எஸ்எஸ்டி வகையில் சுழலும் பாகம் ஏதுமில்லாமையால் இவ்வகை ஒலி எச்சரிக்கை கிட்டாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். அது பேசாமலே நின்றுவிடக்கூடும்.

அண்டை வீட்டில் பொறியியல் பயிலும் மாணவன் ஒருவன் இருந்தான். அவனுடைய கணினியில், ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தை ஏற்றிக் கொண்டோம். இலவசமாகக் கிடைப்பது. தங்கையின் கருவி எழும்போது எஃப்12 பொத்தானை அழுத்தி, டிஸ்கை விட்டுவிட்டுப் பென் டிரைவிலிருந்து எழும்படி பணித்தோம். கருவிக்குக் கருவி இந்தப் பொத்தான் வேறுபடும். இரண்டு நிமிடத்தில் பச்சை நிறத் திரை மலர்ந்தது. விசைப்பலகை, ஒலி, திரை யாவும் நடந்தன. "ஏழாயிரம்" என்று சொல்லப்பட்ட தாய்ப்பலகை ஒரு மணி நேரம் குறையின்றி உழைத்தது. சோதனை முறைகளிலெல்லாம் எனக்கு மிகப் பிடித்தது இதுவே. ஐயத்துக்குரிய ஒன்றை விலக்கிவிட்டு ஏனையவற்றை இயக்கிப் பார்ப்பது. எத்தனை நுண்ணிய கருவி வந்தாலும் இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்தபடியே டிஸ்கின் நலக்குறிப்பேட்டையும் திறந்தோம். ஒவ்வொரு டிஸ்கும் தனக்கு நேர்ந்த குறைகளைத் தானே எண்ணி எழுதிவைக்கிறது; ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். கெட்டுப்போன இடங்களுக்கு மாற்று இடம் தந்த எண்ணிக்கை அதில் ஏறியிருந்தது. பல மாதங்களாக அக்கருவி தன் நோயைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. படிப்பார் இல்லை.

மைத்துனர் எதற்கும் பெயரிட்டு வைப்பவராதலால் தேட வேண்டியிருக்கவில்லை. "அம்மா" என்ற பெயரில் ஓர் உறை. அதனுள் ஆறு பதிவுகள். மற்ற எதையும் தொடாமல் அவற்றையே முதலில் வேறொரு பென் டிரைவுக்கு நகலெடுக்கச் சொன்னேன். தளர்ந்த டிஸ்க் எந்த நொடியில் நிற்கும் என்று சொல்லமுடியாதாகையால், அதிக மதிப்புள்ளதே முதலில் வரவேண்டும். முதற்பதிவு சில நொடிகளில் வந்தது. இரண்டும் மூன்றும் வந்தன. நான்காவதற்கு இருபது நிமிடம். தங்கை அடுக்களை வாயிலில் நின்றவள் நின்றபடியே இருந்தாள். ஐந்தாவது எளிதாக வந்துவிட்டது. ஆறாவது பாதியில் நின்று, படிக்க இயலவில்லை என்ற செய்தி தோன்றிற்று.

மீண்டும் மீண்டும் முயல்வது தவறு. முனை தட்டைத் தேய்த்துவிடக்கூடும். மாணவன் டிடிரெஸ்க்யூ என்னும் நிரலைப் பற்றிச் சொன்னான். நல்ல இடங்களையெல்லாம் முதலில் விரைவாக நகலெடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, கடைசியில் பொறுமையாக அவற்றிற்குத் திரும்பிவரும் நிரல் அது. தேர்வு எழுதும் மாணவனுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பதும் இதுதானே? புதிதாக வாங்கிய வெளி டிஸ்க் ஒன்றில், அன்று மாலை தொடங்கி மறுநாள் நண்பகல்வரை அது தன் வேலையைச் செய்தது. கணக்கேடுகள் வந்தன. புகைப்படங்களில் மிகச் சில தவிர அனைத்தும் வந்தன. ஆறாம் பதிவு பதினேழு நிமிடம் உடையது. ஒன்பதாம் நிமிடம்வரை அந்த அம்மையாரின் குரல் தெளிவாக ஒலிக்கிறது. அதன்பின் மௌனம்.

ஃபார்மட்டைப் பற்றிய என் அச்சத்தையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். ஃபார்மட் என்பது விண்டோஸுக்கு மருந்து. நம் கோப்புகளுக்கு அது துடைப்பம். பழைய வகை டிஸ்கில் துடைத்த பின்னும் சிலவற்றை மீட்கக்கூடும். எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கையும் பெரும்பாலும் இல்லை. கடைக்காரர் ஃபார்மட் என்று சொன்னால், "டிஸ்கைக் கழற்றி நகல் எடுத்தபின்" என்ற நிபந்தனையோடு மட்டுமே இசையலாம். டிஸ்கைக் கழற்றி ஒரு சிறு உறைப்பெட்டியில் வைத்து யுஎஸ்பி வழியாக வேறு கணினியோடு இணைக்கலாம். சில நூறு ரூபாய்தான் பெட்டியின் விலை. புதிய கருவிகளில் இன்னொரு தடையும் உண்டு. அவற்றுள் பல, பிட்லாக்கர் முறையில் டிஸ்கைப் பூட்டியே வைக்கின்றன. அப்போது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி இல்லாமல் எவராலும் உள்ளே நுழைய இயலாது. கிரவுட்ஸ்டிரைக் நிகழ்ச்சியின்போது பல அலுவலகங்களில் பணி தாமதமானதற்கு இச்சாவியைத் தேடியதும் ஒரு காரணம். கருவி நலமாயிருக்கும் நாளிலேயே அந்த எண்ணைக் கண்டு, தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுவது நலம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்த கருவியாயின் பெரும்பாலும் அக்கணக்கிலேயே அது பதிந்திருக்கும்.

பழைய டிஸ்க் இருந்த இடத்தில் மூவாயிரம் ரூபாய்க்குட்பட்ட ஒரு எஸ்எஸ்டியைப் பொருத்தினோம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது; 2013ஆம் ஆண்டுக் கருவியோ விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளை உடையதன்று. ஆகவே, பென் டிரைவில் முயன்று பார்த்த லினக்ஸ் மின்டையே நிலையாக நிறுவினோம். தங்கைக்கு வேண்டியவை கடிதம் எழுதுவதும் மகளோடு முகம் பார்த்துப் பேசுவதுந்தான். அவற்றுக்கு இது போதும். முன்னைவிட விரைவாகவே எழுகிறது என்கிறாள்.

பதிவுகள் இப்போது நான்கு இடங்களில் உள்ளன. தங்கையின் கருவியில் ஒன்று, வெளி டிஸ்கில் ஒன்று, பெங்களூரில் மருமகளின் கைப்பேசியில் ஒன்று, என் மேசை இழுப்பறையில் ஒரு பென் டிரைவில் ஒன்று. மைத்துனர் இருந்தால் ஒவ்வொன்றின்மீதும் நாள் குறித்து ஒட்டியிருப்பார். நான் அவர் முறையைப் பின்பற்றி ஒட்டியிருக்கிறேன்.

பழைய டிஸ்கை எறிந்துவிடவில்லை. அதனைக் குளிர்பதனப் பெட்டியில் சிறிது நேரம் வைத்தால் உயிர்பெறும் என்று ஒருவர் யோசனை கூறினார். அது கூடாது, வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து தட்டையே கெடுத்துவிடும். பெரு நகரங்களில், தூசு புகாத அறையில் டிஸ்கைத் திறந்து தகவல் மீட்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. வீட்டில் திறந்து பார்க்கும் காரியமன்று அது. படிக்கும் முனைக்கும் தட்டுக்கும் இடையேயுள்ள இடைவெளி தலைமயிரின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு; ஒரு தூசு அங்கே பாறைக்கு ஒப்பாகும். அவர்களிடம் கொடுத்தால் ஆறாம் பதிவின் எஞ்சிய எட்டு நிமிடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். செலவோ புதிய மடிக்கணினியின் விலையை எட்டக்கூடும். மகள் தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வரும்போது மூவரும் அமர்ந்து முடிவு செய்வோம் என்று தங்கை சொல்லியிருக்கிறாள். அதுவரை டிஸ்க், ஈரம் படாதவாறு அரிசிப் பானைக்கு எட்டத்தில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் துணியில் பொதிந்திருக்கிறது.